சிவப்பு நூல் எண்கள்

வசிலிகா நான்காம் வகுப்போடு நின்று, கொர்ச்சா நகரத் தையல் ஆலைக்குப் போனவள். தம்பி சொதிர் தலைநகர் திரானாவில் படித்துத் தொல்லியலாளன் ஆனான். அவனுடைய பட்டத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவள் அவள்தான்.

பதினாறு கோடைகள் கொலோன்யா மலையடியில் ஒரே புதைமேட்டைத் தோண்டினான். அறுபத்து மூன்று கல்லறைகள். எந்தப் பானைச் சில்லு எந்தக் கல்லறையில் கிடந்தது என்பதுதான் அவன் கண்டுபிடித்தது எல்லாம். கல்லறைக்கு ஒரு பை. மாவுச் சாக்கை வெட்டிப் பைகள் தைத்து, சிவப்பு நூலால் எண் போட்டுக் கொடுத்தாள் வசிலிகா. ஒவ்வொரு சில்லிலும் மையால் எண் எழுதுவதுதான் தொழில் முறை. அவன் பேனாவை எடுத்தபோது அவள் தடுத்தாள்.

"பானைய ஏண்டா கிறுக்குற? மை அழிஞ்சிரும். என் தையல் பிரிஞ்சு நீ பாத்திருக்கியா?"

அவன் சிரித்துக்கொண்டே பேனாவை மூடினான்.

கல்லறைகள் நம் முன்னோருடையவைதான் என்று எழுதச் சொன்னது கட்சி மேலிடம். அதை எழுத மனமில்லாமல், தோண்டியதைப் பற்றிய புத்தகத்தைத் தள்ளிப்போட்டான். அந்த ஆட்சி போனபின் எழுத உட்கார்ந்தான். தொண்ணூற்றேழு மார்ச்சில், சீட்டு நிறுவனங்கள் கவிழ்ந்து மக்கள் பணம் போக, நாட்டில் கேட்பாரில்லாமல் போனது. ஊர் சேர்ந்து அரசு மாவுக் கிடங்கை உடைத்தது. அடுத்த கட்டடத்தில்தான் சொதிரின் சேமிப்பறை.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பொலிக்செனி ஒரு பை மாவோடு வந்தாள்.

"கீரை வச்சு லக்ரோர் அடை சுடுக்கா. தம்பிக்கும் ரெண்டு துண்டு குடு."

பையில் சிவப்பு நூலில் நாற்பத்தொன்று.

"பை ஏதுடி?"

"மாவ அள்ள ஒண்ணும் இல்ல. பக்கத்து அறையில கிடந்துச்சு. உள்ள வெறும் ஓடுதான், கொட்டிட்டோம். எல்லாரும்தான் எடுத்தாங்க. தையலப் பாரேன், பத்து கிலோ போட்டும் அசையல."

வசிலிகா தலையில் துணிகூடக் கட்டாமல் ஓடினாள். சேமிப்பறைத் தரையில் முழங்கால் உயரத்துக்கு ஒரே குவியல். அதன் பக்கத்தில் சொதிர் உட்கார்ந்திருந்தான். மடியில் நோட்டு, அறுபத்து மூன்று வரை எண்கள் அப்படியே. ஒரு சில்லை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, திரும்ப வைத்தான். திட்டவில்லை.

"அக்கா, இதுல எது நாப்பத்தொண்ணு?"

அவள் குனிந்து ஒரு சில்லை எடுத்தாள்; அதில் எண் இல்லை.

அந்தப் புத்தகம் வரவில்லை. சொதிர் எல்லை தாண்டிக் கிரேக்கத் தோட்டங்களில் ஆப்பிள் பறித்தான், அங்கேயே இறந்தான். வசிலிகா வீடு வீடாகப் போய்ப் பைகளைக் கேட்டு வாங்கித் துவைத்து, இஸ்திரி போட்டு, எண் வரிசையில் பெட்டியில் அடுக்கினாள். ஐம்பத்தெட்டு கிடைத்தன. ஒன்றிலும் நூல் பிரியவில்லை.