ஐரின் அக்காவின் கொடியும் கருவண்டும்

குண்டசாலையில் எங்கள் லேனில் ஐரின் அக்காவிடம் ஏச்சு வாங்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் பங்குச் சாமி. மற்றவர் அக்காவின் கணவர் கிளறன்ஸ். அவரும் செத்த பிறகுதான் அந்த வரிசையில் சேர்ந்தார். நான் பக்கத்து வீட்டுக்காரி, இராஜேஸ்வரி. நகரசபையில் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு விழுந்த ஏச்சை அளக்க மரக்கால் போதாது.

அக்கா பிறந்தது பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். அப்பா கொழுந்து ஆலையில் வேலை செய்தார். படித்து, கண்டிக்கு வந்து, கோயிலோடு சேர்ந்த பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். கிளறன்ஸ் அச்சகத்தில் வேலை. கைச்சிக்கனமான மனிதர். வீட்டைத் தானே கட்டினார், முன்விறாந்தை உத்தரத்துக்குப் பெயின்ட் கூட அடிக்கவில்லை. மரம் மரமாகத் தெரிந்தால்தான் அழகு என்று சொல்லிச் சமாளித்தார்.

அவர் போன பிறகு அக்கா முற்றத்தில் பந்தல் போட்டு ஒரு பெஷன் புரூட் கொடியை ஏற்றினார். மஞ்சள் பழம் காய்க்கும் இனம். அந்தப் பழச்சாற்றில் சீனி சேர்த்துக் காய்ச்சி, கோர்டியல் செய்து போத்தலில் அடைப்பார். அலவத்துகொடையில் கடை வைத்திருக்கும் அஸ்ஃபர் திரீவீலரில் வந்து எடுத்துக்கொண்டு போவார். யார் கையையும் எதிர்பார்க்காமல் அக்கா வாழ்ந்தது அந்தக் கொடியால்தான். நீர்கொழும்பில் கட்டிக்கொடுத்த மகள் நதீஷா ஒவ்வொரு ஞாயிறும் போனில் கூப்பிடுவாள்.

"அம்மா, வீட்ட வித்துட்டு இங்க வந்துருங்க. தனியா கிடந்து என்ன செய்யப் போறீங்க? ராவுல முதுகு புடிச்சா தைலம் தேய்க்கக்கூட ஆளில்ல."

"கொடி காய்க்கிற வரைக்கும் நான் எங்கயும் வரமாட்டேன்."

அக்காவிடம் இருந்த பதில் அது ஒன்றுதான். வேறு பதில் தேடி வைக்காதது பின்னால் ஆபத்தாகப் போனது.

பெயின்ட் காணாத அந்த உத்தரத்தில் கருவண்டுகள் குடியேறியிருந்தன. வண்டு என்று நாம் சொல்கிறோமே தவிர அது தேனீ இனம். கட்டைவிரல் மொத்தம், கன்னங்கரேலென்ற உடம்பு, வெயில் பட்டால் நீலமாக மின்னும் சிறகு. கூட்டமாக வாழாது. காய்ந்த மரத்தில் விரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, உள்ளே முட்டையிடும். துளைபோடும்போது மரத்தூள் கொட்டும். அது கொட்டிய இடத்தில்தான் வினை. நேர் கீழே, வாசல் நிலைக்கு மேல், திருஇருதய ஆண்டவர் படம் மாட்டியிருந்தது. தினமும் காலையில் ஆண்டவரின் சட்டகத்தில் தூள் படிந்திருக்கும். அக்கா துடைப்பார், வண்டை ஏசுவார், பிறகு சிலுவை போட்டுக்கொள்வார்.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்தால் சாமி வீடு வீடாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். இந்த வருடம் சாமி வருவதற்கு முன், அவர் தலையில் தூள் கொட்டிவிடக் கூடாது என்று, அக்கா கதிரையில் ஏறி எல்லாத் துளைகளையும் சீமெந்து குழைத்து அடைத்தார். மேலே கழிவு எண்ணெயும் பூசினார். சாமி வந்தார், மந்திரித்தார், ஒரு தூளும் விழவில்லை. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மே மாதம் கொடி பூத்துக் குலுங்கியது. மத்தியானம் விரிந்த பூ பொழுதுபட மூடி, இரண்டாம் நாள் வாடி விழுந்தது. மறுநாள் வேறு பூ. அதுவும் விழுந்தது. பந்தலுக்குக் கீழே பூப்பாய் விரித்ததுபோலக் கிடந்ததே தவிர, ஒரு பிஞ்சு இல்லை. அக்கா சாணி போட்டார், சாம்பல் போட்டார். விரலால் பூவுக்குள் தடவியும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அக்காவின் கோணல் கூடம் நான்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? சில பேரு வேலிக்கு மேலாலயே நிக்கிறாங்க," என்று பால்காரரிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படி. அடுத்த நாள் பந்தல் காலில் ஒரு நீத்துப்பூசணி தொங்கியது. அதற்குக் கண்ணும் பல்லும் வரைந்து, முகத்தை என் வீட்டுப் பக்கம் திருப்பியிருந்தார். மேலே ஜெபமாலை, கீழே பூசணி, இரண்டும் ஒரே ஆணியில்.  வேலியோரம் என் வீட்டுக்காரர் திகணையிலிருந்து வாங்கி நட்ட பெஷன் புரூட் கொடியொன்று எங்களிடமும் இருக்கிறது. அதுவும் இந்த வருடம் காய்க்கவில்லை. நான் யார் கண்ணையும் குறை சொல்லவில்லையே. அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நதீஷாவின் குரல் ஸ்பீக்கரில் என் குசினி வரைக்கும் கேட்டது. "கொடியும் காய்க்கல, அஸ்ஃபர் நானாவும் வாறதில்ல. அப்புறம் அந்த வீட்ட எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க? கோயில் திருவிழாவுக்கு வாறோம். வரும்போது பேசி முடிச்சிருவோம்." அக்கா பதில் சொல்லவில்லை. ஐரின் அக்கா பதில் சொல்லாத சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் இருந்தது, அதோடு அக்கா போய்விடுவாரோ என்ற பயமும் வந்தது.

அந்தக் கிழமையே அக்கா விவசாயப் போதனாசிரியை மதுஷாவை வரவழைத்தார். கூடவே வேலியில் நின்று என்னையும் கூப்பிட்டார்.

"ராஜி, நீயும் வா. கண்ணூறா இல்லையான்னு உன் முன்னாலயே அவங்க சொல்லட்டும்."

என் பெயரைக் காப்பாற்ற நானும் போனேன்.

மதுஷா பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மண்ணுல குறையில்ல அன்ரி. இங்க கருவண்டு வாறதில்லையா?"

"எல்லாத்தையும் அடைச்சாச்சு," என்றார் அக்கா பெருமையாக, உத்தரத்தைக் காட்டி.

மதுஷா உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு உளி கேட்டாள். கிளறன்ஸின் உளியை அக்கா எடுத்துக் கொடுத்தார். ஒரு துளையின் சீமெந்தைப் பெயர்த்ததும் உள்ளே செத்துக் காய்ந்த வண்டு ஒன்று. அதன் முதுகில் ஏதோ பழைய பூவின் தூள் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. மதுஷா அதைக் கடதாசியில் வைத்து, கைக்கண்ணாடியை எங்களிடம் தந்தாள்.

வெறும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த உடம்பு முழுக்க மயிர். ஒவ்வொரு மயிரும் கிளை விட்டிருந்தது. பூந்தூள் அதில் சிக்கிக்கொள்ளுமாம். காலில் சீப்புப்போல மயிர் வரிசைகள். முன்காலால் முகத்தை வழிக்கும், நடுக்காலால் நெஞ்சை வழிக்கும், வழித்ததைப் பின்காலில் உள்ள அடர்ந்த மயிரில் திணித்துக் குஞ்சுக்குக் கொண்டுபோகும்.

"இந்தப் பூவுல தேன் அடியில இருக்கு. தூள் மேல தலைகீழாத் தொங்குது," என்றாள் மதுஷா. "சின்னத் தேனீ கீழால பூந்து குடிச்சிட்டுப் போயிரும், மேல தட்டாது. கருவண்டு உசரம். அது தேனுக்கு நுழைஞ்சா முதுகுல தூள் அப்பிக்கும். அடுத்த பூவுல சூல்முடி கீழ வளைஞ்சு நிக்கும், அதே முதுகுல வந்து உரசும்."

"அதுதான் வழிச்சு எடுத்துருமே," என்றேன் நான்.

"எல்லாத்தையும் வழிச்சிரும். முதுகு நடுவுல மட்டும் அதுக்குக் கால் எட்டாது. அங்க தங்குற தூள்லதான் காய் புடிக்குது."

அக்கா கைக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "கிளறன்ஸ் போனதுல இருந்து எனக்கும் அந்த இடம் எட்டல," என்றார். அழவில்லை. அந்த வண்டைத் திரும்பக் கடதாசியில் வைத்து மடித்தார். "இதுகளை உசிரோட வச்சுப் பூசிட்டேனே."

விரலால் தடவியும் ஏன் காய்க்கவில்லை என்று கேட்டார். இந்த மஞ்சள் இனத்தில் ஒரு கொடியின் தூள் அதே கொடிக்கு ஆகாது, வேறு கொடியின் தூள் வேண்டும் என்றாள் மதுஷா. சொல்லிவிட்டு வேலிக்கு மேலால் என் கொடியைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தார். இத்தனை வருடமாக அந்த வண்டுகள்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவே போய் வந்திருக்கின்றன. நான் வீட்டுக்குத் திரும்பினேன். நின்றிருந்தால் வாயில் நல்ல வார்த்தை வந்திருக்காது.

மறுநாள் மத்தியானம் பூசணி காணாமல் போயிருந்தது. அக்கா சீனி கடன் கேட்பவர்போல ஒரு கோப்பையோடு வேலியில் நின்றார். "ராஜி, கொஞ்சம் பூ குடு."

மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். நான் பூப் பறித்து நானே கொண்டுபோனேன். அன்றிலிருந்து மத்தியானங்களில் நான் கதிரையில் ஏறி என் பூவின் தூளை அக்காவின் பூவில் தேய்ப்பேன். அவர் கீழே நின்று, நான் சரியாகத் தேய்க்கவில்லை என்று ஏசுவார். ஒரு வண்டு ஒரு நுழைவில் செய்கிற வேலைக்கு எங்கள் இருவருக்கும் கழுத்துப் பிடித்துக்கொண்டது. மற்றத் துளைகளையும் பெயர்த்தோம். எண்ணெய் வாடை போகும்வரை வேறு வண்டுகள் வந்து தங்கட்டும் என்று காய்ந்த அல்பீசியா மரக்கட்டைகளைக் கூரை ஓரம் கட்டினோம். ஆண்டவர் படம் உள்சுவருக்கு மாறியது.

திருவிழாவுக்கு நதீஷா வந்தபோது பந்தலில் பிஞ்சுகள் தொங்கின. முட்டை அளவு, பச்சை. நானும் தேநீருக்குப் போயிருந்தேன். அவள் பிஞ்சைப் பார்த்தாள், பிறகு விறாந்தைத் தரையில் புதிதாகக் கிடந்த மரத்தூளைப் பார்த்தாள்.

"அம்மா, திரும்ப ஓட்டை போடுது. அடைக்கலையா?"

"அதுக வீட்ட அடைச்சா என் வீடும் போயிரும்."

"காய்ச்சது சரி. ராவுல முதுகு புடிச்சா யாரு இருக்கா உங்களுக்கு?"

அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். மேசையில் இருந்த தைலப் போத்தலை எடுத்து என் கையில் வைத்தார். மகளின் முன்னாலேயே கதிரையில் திரும்பி உட்கார்ந்து, சட்டையின் பின் கொக்கியைக் கழற்றினார்.

"நடுவுல, ராஜி," என்றார். "எனக்கு எட்டாத இடத்துல."

நான் தேய்த்தேன். நதீஷா எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அன்று வீட்டை விற்கும் பேச்சு வரவில்லை.