வரைந்து வைத்த தலையணை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் நடந்தது இது. லைன் வீடுகளில் கடைசி அறை. கம்பெனி வேலைக்குப் போகும் ஐந்து பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்தது. ஒரு மூலையில் கேஸ் அடுப்பு, இன்னொரு மூலையில் சுருட்டிய பாய்கள், சுவர் ஆணிகளில் யூனிஃபார்ம்.

நான் ஒரு கல்வியியல் கல்லூரியில் பேராசிரியை. பி.எட். பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது சம்பளத்துக்கான வேலை. மனசுக்கான வேலை ஆராய்ச்சி. தொழிற்சாலைக்குப் போகும் பெண்களின் உடம்பும் மனசும் அங்கே என்ன கற்றுக்கொள்கின்றன என்பதைக் கேள்வித்தாள் நீட்டிக் கேட்காமல், வரையச் சொல்லி, தைக்கச் சொல்லி, நடித்துக் காட்டச் சொல்லித் தெரிந்துகொள்வது என் வழி. பெண்ணிய ஆய்வு, கலைவழி ஆய்வு என்று இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. எங்கள் ஸ்டாஃப் ரூமில் இதற்குப் பெயர் 'மேடத்தோட கோலப் போட்டி'. ஆரம்பத்தில் சண்டை போட்டேன். பிறகு நானும் சேர்ந்து சிரிக்கப் பழகினேன். அந்த வருடம் இரண்டுக்கும் தெம்பு இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை என் ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலிக்கும் குழு கூட இருந்தது. போன முறையே, "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம், டேட்டா எங்க?" என்று கேட்டுவிட்டார்கள். இந்த முறையும் திருப்தி இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள். மூடட்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். விடைத்தாள் திருத்தி, வகுப்பு எடுத்து, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, மிச்சமிருக்கும் சில வருடங்களை ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றுவிடலாம். இத்தனை காலம் யாருக்காக அலைந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. 'இதுதான் கடைசி, இனி வரமாட்டேன்' என்று, ஆய்வுக்காக நான் பார்த்துவந்த அந்த ஐந்து பெண்களிடம் சொல்லத்தான் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே ஓசூர் வந்து, டவுன் பஸ் மாறி மத்திகிரியில் இறங்கினேன்.

பையில் துணி இருந்தது. வாங்கியது வீணாக வேண்டாம், கடைசியாக ஒரு பயிற்சி செய்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பயிற்சி சுலபமானது. ஒருவர் துணியில் படுக்க வேண்டும், இன்னொருவர் அவர் உடம்பைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு இழுக்க வேண்டும். எழுந்த பிறகு, அந்தக் கோட்டுக்குள் எங்கே வலி, எங்கே பயம், எங்கே தெம்பு என்று அவரவர் வரைய வேண்டும். பி.எட். மாணவிகள் சார்ட் பேப்பரில் சிரித்துக்கொண்டே படுத்திருக்கிறார்கள். இங்கே நான் நல்ல கெட்டியான வெள்ளைக் காடாத் துணியை விரித்தேன். ஐந்து பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஒருத்தியும் அசையவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சின்னப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மேடம், கோடித்துணி கணக்கால்லா இருக்கு. இதுல படுக்க வச்சு சுத்திக் கோடும் போட்டா, எங்கம்ம கேட்டா என்னையக் கொன்னே போடுவா."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டிலும், அது பிணத்துக்குப் போடுவது என்று, புது வெள்ளைத்துணியில் யாரையும் படுக்க விடமாட்டார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமா என்ன? படித்த புத்தகத்தில் துணி என்று இருந்தது, கடையில் வெள்ளை மலிவாக இருந்தது, வாங்கிவிட்டேன். அவ்வளவு அசதியில் இருந்திருக்கிறேன்.

நாகரசம்பட்டிக்கார அக்கா ஒருவர், ஐந்து பேரில் மூத்தவர், காடாத் துணியை மடித்து ஓரமாக வைத்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் நைந்த நூல் புடவை ஒன்றை எடுத்து இரண்டாக மடித்து விரித்தார். "இது தொவச்சதுதாங்க மேடம். ஒண்ணும் தோசமில்ல" என்றார். அடுத்த பிரச்சினை, வடக்கே தலை வைக்கக்கூடாது. வடக்கு எது என்று பெரிய வாக்குவாதம். ஒருத்தி அடுப்பு இருக்கும் பக்கம் என்றாள், ஒருத்தி இல்லவே இல்லை என்றாள். கடைசியில் போனில் திசைகாட்டி பார்த்துப் புடவையைத் திருப்பிப் போட்டார்கள். அப்போதும் யார் முதலில் படுப்பது என்று ஆளாளுக்குத் தள்ளிவிட்டார்கள்.

"சரி, நான் படுக்கிறேன், என்னை வரைங்க" என்று படுத்தேன். சிமென்ட் தரையின் குளிர்ச்சி புடவையைத் தாண்டி முதுகில் ஏறியது. ஒருத்தி காலில் ஆரம்பித்தாள். சாக்பீஸ் கணுக்காலைச் சுற்றி, முழங்கால் வரை வந்தது நினைவிருக்கிறது. அதற்கு மேல் நினைவில்லை.

கண் விழித்தபோது வாசல் வெயில் மஞ்சளாகியிருந்தது. சுவர் ஓரமாக இருந்த டேபிள் ஃபேன் என் பக்கம் திரும்பியிருந்தது. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அறையில் யாரும் இல்லை. எட்டிப் பார்த்தால், ஐந்து பேரும் வெளியே செருப்புகளுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்து கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். வாரம் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்பவர்கள். அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே விடுமுறை மதியத்தில் அவர்கள் அறையைப் பிடித்துக்கொண்டு நான் தூங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"எழுப்பியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நல்லா அசந்து தூங்கிக்கினு இருந்தீங்க, எப்டிங்க எழுப்பறது?" என்றார் அந்த அக்கா. தண்ணி மோட்டார் போட வந்த வீட்டுக்கார அம்மா கதவு வழியாகப் பார்த்து, நடுவில் நான் கிடப்பதையும் சுற்றி இவர்கள் மண்டியிட்டிருப்பதையும் கண்டு, கன்னடத்தில் 'ஐயையோ, யாருக்கு என்ன ஆச்சு' என்று அலறினாராம். இவர்கள் அவர் வாயைப் பொத்தி வெளியே கூட்டிப்போனார்களாம். அதைச் சொல்லும்போது சிரிப்பு தாங்காமல் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

உள்ளே திரும்பி வந்துதான் புடவையைப் பார்த்தேன். என் உருவம் கோணலாக, ஒரு கை மடங்கி, குண்டாக இருந்தது. தலைக்குக் கீழே ஒரு தலையணை வரைந்திருந்தார்கள். உறை ஓரத்தில் பூவேலை வேறு. பக்கத்தில் ஆவி பறக்கும் டீ கிளாஸ்.

"எங்ககிட்ட தலகாணி இல்ல மேடம், எல்லாரும் துணிமூட்டதான் வச்சுக்குவோம்" என்றாள் திருநெல்வேலிப் பெண். "அதான் வரஞ்சு வச்சோம்."

அழுதுவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருத்தி டீ போடப் போனாள்.

அதன் பிறகு யாரையும் நான் படுக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தங்கள் பழைய புடவை, துப்பட்டாக்களைத் தாங்களே எடுத்து வந்து விரித்தார்கள். வலியை வரையச் சொன்னேன். யாரும் வலியை வரையவில்லை. திருநெல்வேலிப் பெண் தன் உருவத்தைவிடப் பெரிய தலையணை வரைந்தாள். ஒருத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கதவை வரைந்தாள். நாகரசம்பட்டி அக்கா எதுவும் வரையாமல், தன் கோட்டுக்குள்ளேயே கண்ணை மூடிப் படுத்திருந்தார். நாங்கள் எழுப்பவில்லை. 'இனி வரமாட்டேன்' என்பதைச் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

மறுநாள், அக்காவிடம் கேட்டு வாங்கி வந்த கத்தரிப்பூப் புடவையைக் குழுவின் முன் தரையில் விரித்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஓய்வு என்பது இவர்கள் வரைந்து மட்டுமே பார்க்க முடிகிற பொருளாக இருக்கிறது, அதுதான் என் டேட்டா என்றேன். குழுத் தலைவர் நல்ல மனிதர்தான். தனியாகக் கூப்பிட்டு, "ஆய்வாளர் களத்துல தூங்கிட்டாங்கன்னு எழுதினா நல்லாவா இருக்கும்? அந்த நாளை எடுத்துடுங்க மேடம், ஒரு கேள்வித்தாள் சேருங்க, இன்னும் ஒரு வருஷம் வாங்கித் தரேன்" என்றார். நியாயமான பேரம். முந்தின நாள் காலையில் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பேன்.

"அந்த நாளை எடுத்துட்டா மீதி ஒண்ணுமே இல்லீங்க சார்" என்றேன்.

திட்டத்தை மூடிவிட்டார்கள். அதற்காக வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அடுத்த ஞாயிறும் அதே டவுன் பஸ்ஸில் மத்திகிரி போனேன். கடையில் ஐந்து தலையணைகள் வாங்கிக் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறியபோது, கண்டக்டர் கல்யாண வீடா என்று கேட்டார். இன்னமும் போகிறேன். அறையில் இப்போது வேறு பெண்கள் இருக்கிறார்கள், நான் இன்னும் அதிகமாகக் களைத்திருக்கிறேன்.

அந்தப் புடவை என்னிடம்தான் இருக்கிறது. சாக்பீஸ் கோடு உதிர்ந்துவிடாமல் இருக்க, அந்த அக்காவே அதன்மேல் நூல் ஓட்டிக் கொடுத்தார். பெண்களின் களைப்பைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதிவிட்டேன். ஆனால் என் களைப்பைப் பார்த்துவிட்டு, தங்கள் ஒரே விடுமுறையைக் கொடுத்து, சத்தம் போடாமல் வெளியே போய் உட்கார்ந்தவர்கள் அந்த ஐந்து பேர்தான்.