நிற்க மறுத்த கேரம் காய்

தொண்ணூறுகளின் நடுவில் குமணன்சாவடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்காரர் சில கம்ப்யூட்டர்கள் வாங்கிப் போட்டு, பெயர்ப்பலகையை மாற்றினார். அங்கே கூட்டுவது, துடைப்பது, சாயங்காலம் மெஷின்களுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டுவது எல்லாம் என் வேலை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றேன். ஆனாலும் தினமும் கம்ப்யூட்டர் அறைக்குள் போய்வந்ததில் எனக்கும் கொஞ்சம் அறிவு ஒட்டியிருக்கும் என்று ஒரு நினைப்பு.

திரையின் ஓரங்களில் மோதித் திரும்பும் பந்து ஒன்றை மாணவர்கள் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவார்கள். யாரோ விட்டுப்போன தாளைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினேன். பந்து ஓடியது! இன்னொரு தாளைப் பார்த்து நாலு மூலையிலும் வட்டம் போட்டு, கேரம் போர்டு என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

முதலாளி பிடித்துவிட்டார். கத்தப் போகிறார் என்று பார்த்தால், திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பேரன்ட்ஸ் எல்லாம் பார்க்க வர்ற ஞாயித்துக்கிழம இது ஒழுங்கா ஓடுச்சுன்னா, தினம் கிளாஸ் தொடங்குற வரைக்கும் ஒரு மெஷின் உனக்கு. இல்லன்னா உறை மாட்டுறதோட நிறுத்திக்க."

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அந்த மெஷின் எனக்கு வேண்டும்.

எங்கள் தெரு கேரம் கிளப்பிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினேன்.

"இன்னா மாமே, இது காயா கொசுவா?" என்றான் ஒருவன்.

"போர்டுக்கு மேல பல்பு எங்கடா?" என்றான் இன்னொருவன். "பல்பு இல்லாம எப்டி ஆடறது?"

அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். அவர்கள் போனதும் மெஷினுக்கு உறையை இழுத்து மாட்டினேன்.

அப்புறம்தான் அங்கே கம்ப்யூட்டர் சொல்லித்தரும் டீச்சரிடம் காட்டினேன். ஆவடிப் பக்கம் ஒரு காலனியிலிருந்து வருவார். அப்போதுதான் கல்லூரி முடித்த பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். யார் எதைச் செய்து காட்டினாலும் முதலில் பேசாமல் ஓடவிட்டுப் பார்ப்பார். பிறகு நல்லதைச் சொல்வார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"சட்டத்துல மோதித் திரும்புறது அசலா இருக்கு அண்ணா. கேரம் ஆடுறவர் பண்ணதுன்னு பார்த்தாலே தெரியுது. ஆனா இந்தக் காய் எப்ப நிக்கும்?"

"அது நிக்காது மேடம். நம்ம கிளப்பு பவுடரு அப்டி."

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. "இன்னைக்கு கிளப்புல ஒரு காயைத் தட்டிவிட்டு, அது நிக்கிறத மட்டும் பார்த்துட்டு வாங்களேன்."

யோசித்தால், இத்தனை வருட ஆட்டத்தில் ஒரு காய் நிற்பதை நான் பார்த்ததே இல்லை. கண் எப்போதும் குழி மேல். எங்கள் கிளப்பின் பெருமையே பவுடர்தான். போர்டு வெளுத்துப் போகும்வரை போரிக் பவுடரைத் தூவிவிட்டு, "தட்டினா பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரிக்கும் போவும்" என்று பீற்றிக்கொள்வோம். அந்தப் பீற்றலைத்தான் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் காயைத் தட்டிவிட்டுக் குனிந்து உற்றுப் பார்த்தேன்.

"இன்னாடா, எழவு ஊட்ல பாக்குற மாரி பாத்துகினு கீற?" என்றான், அன்று என் காயைக் கொசு என்றவன்.

மறுநாள், மாணவர்கள் விட்டுப்போன தாள்களில் தேடி, கொஞ்ச தூரம் ஓடியதும் காய் சட்டென்று நிற்கும்படி மாற்றிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"அட, நிக்குதே! நீங்களே கண்டுபிடிச்சு நிறுத்திட்டீங்க," என்றார் டீச்சர். "ஆனா பஸ்ஸுல சடன் பிரேக் போட்ட மாதிரி இருக்கே. கிளப்புல அப்படியா நின்னுச்சு?"

"இல்ல மேடம். போகப் போக சோம்பேறியாயி நின்னுச்சு. என்ன மாரி."

"அதேதான் அண்ணா! ஒவ்வொரு நகர்வுக்கும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க." எந்த வரியில் என்று விரல் வைத்துக் காட்டினார். எவ்வளவு என்பதை என்னிடமே விட்டுவிட்டார். அதிகமாகக் குறைத்தால், பாயசம் கொட்டிய போர்டில் போவதுபோல் காய் ஒட்டிக்கொண்டது. குறைவாகக் குறைத்தால் மறுபடியும் எங்கள் பவுடர். மாற்றி மாற்றிப் போட்டு ஒருவழியாகப் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அறை நிறையப் பெற்றோர். கிளப் ஆட்களும் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். பட்டனைத் தட்டினேன். காய் ஒரு பக்கம் இடித்தது, மறுபக்கம் இடித்தது, தளர்ந்தது, மூலைக் குழியின் விளிம்பில் வந்து நின்றது.

கொசு என்றவன் என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்து, திரைமேல் "பூ" என்று ஊதினான். "தம்மாத்தூண்டு தான கீது, குழில உழ மாட்டேங்குதே மச்சான்!"

அறையே சிரித்தது. முதலாளி கைக்குட்டையை எடுத்து, திரையில் பட்ட எச்சிலைத் துடைத்தார். "நாளைக்கு சீக்கிரம் வா," என்றார். "ஆனா இவனக் கூட்டிட்டு வராத."

நீ செய்தது தப்பு என்று என்னிடம் சொன்னவர்கள் நிறைய. பெரும்பாலும் அவர்கள் சொன்னது சரிதான். நான் செய்த ஒன்றை, இன்னும் நன்றாக வரக்கூடியது என்று உட்கார்ந்து பார்த்தவர் அந்த டீச்சர். அன்று அவருக்கு நன்றி சொல்ல நினைத்து, பல்லைத்தான் காட்டினேன். அவர் புரிந்துகொண்டிருப்பார்.

மறுநாள் விடிந்ததும் என் மனைவி கேட்டாள்: "பெருக்கப் போறதுக்கு இன்னாத்துக்குய்யா இஸ்திரி சட்ட?"

"பெருக்கத்தாம்மே போறேன்," என்றேன். "அதுக்கு முன்னாடி மிசினாண்ட கொஞ்ச நேரம் ஒக்காரப் போறேன்."