டஹாப் கரையில் சம்பந்தி

லண்டனுக்குக் கூறைச்சேலை எடுக்கப் போகிறோம் என்று டென்மார்க்கில் எங்கள் ஊரான ஹேர்னிங் முழுக்கச் சொல்லிவிட்டு, தோளில் மூட்டையோடு எகிப்துக்குப் போனவள் நான். பொய்தான். ஆனால் எங்கள் ஆட்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டு ஒரு இடத்துக்குப் போக முடியுமா? ஏன், எதற்கு, யாரோடு, என்ன செலவு என்று கேட்டே பயணத்தைக் கெடுத்துவிடுவார்கள். காரியம் முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

மகளுக்கு அப்போது கலியாணம் பேசி முற்றாகும் நேரம். பொடியன் பக்கத்து ஊர், ஹொல்ஸ்டெப்ரோ. இருவரும் படிக்கிற காலத்திலேயே பழகி, பிறகுதான் எங்களிடம் வந்து சொன்னார்கள். கலியாணத்துக்கு முன் ஒருமுறை தனியாகப் பாலைவனத்தில் சுற்றிவிட்டு வரப்போகிறேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். தனியாகவா என்று கேட்டேன். ஓம் என்றாள். அப்படியென்றால் நானும் வருவேன் என்றேன். என் மனுசன் இரண்டு பேரையும் பார்த்து, மூட்டை தூக்கித் தூக்கித்தானே இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தோம், இன்னும் ஆசை தீரவில்லையா என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டார்.

பொடியனின் வீட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தகப்பன் கலகலப்பான மனிதர். தாய் என்னைப்போலவே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், என்னிலும் இரண்டொரு வயது மூப்பு, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சிரிப்பார், சாப்பாடு போடுவார், அவ்வளவுதான். இத்தனை ஒழுங்கான வீட்டில் எதையோ மூடி வைத்திருக்கிறார்கள் என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. என் மனுசனும் அரைமனதோடுதான் இருந்தார். நான் ஒரு சொல் சொன்னால் போதும், சம்பந்தத்தை நிறுத்திவிடுவார். மகளோ அவனை விட்டால் வேறு கலியாணமே இல்லை என்றிருந்தாள். ஆகவே என் வாயில்தான் அவளுடைய வாழ்க்கை இருந்தது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கெய்ரோவில் நாங்கள் தங்கியது முன்பின் தெரியாத பெண்களோடு ஒரே அறையில், இரட்டைத் தட்டுக் கட்டிலில். கடவுச்சீட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்தேன். கீழே வரவேற்பில் இருந்தவன் தேத்தண்ணி தந்தான். எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றான். அப்படியென்றால் எனக்கும் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தேன். மகள் என்னுடையதையும் சேர்த்துக் குடித்தாள். நான் மத்தியானம் வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மயக்கம் ஒன்றும் வரவில்லை.

சினாய்ப் பாலைவனத்தை பஸ்ஸில் கடந்தோம். சிவந்த மலை, கல், திரும்பவும் மலை. ஒரு பச்சை இலை கிடையாது. இடையிடையே பட்டாளத்துக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி, பைகளை மணலில் வரிசையாக வைக்கச் சொன்னார்கள். ஓரிடத்தில் ஒரு சிப்பாய் என் பையிலிருந்து கறித்தூள் பொதியை எடுத்து உயர்த்திப் பிடித்தான். வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துத் தூள், நான்கு பிளாஸ்டிக் பை சுற்றி, ஒட்டுநாடாவால் வரிந்து கட்டியிருந்தேன். அதைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். பிரித்தான், மணந்தான், தும்மத் தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. மகள் ஆங்கிலத்தில் கெஞ்சி விளக்கினாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நம்பாத முகத்தோடேயே திருப்பித் தந்தான். அந்த நாட்டில் எனக்கு முதன்முதலில் பிடித்த ஆள் அவன்தான். சந்தேகப்படத் தெரிந்தவன்.

செங்கடல் கரையில் இருக்கும் டஹாப் வேறு மாதிரி. கடற்கரை நெடுகக் கம்பளமும் தலையணையும் போட்டிருக்கிறார்கள். ஆடுகள் கடதாசிப்பெட்டி தின்கின்றன. ஒரு கிழமைக்கு என்று வந்துவிட்டு வருடக்கணக்காகக் கிடக்கிற வெள்ளைக்காரர் செருப்பில்லாமல் திரிகிறார்கள். ஒருவருக்கும் ஒரு அவசரமும் இல்லை. நான் வேலை செய்யும் இடத்தில் ஒருவரைக் குளிக்கவைக்க எவ்வளவு நேரம் என்றுகூட வரையறை இருக்கிறது. அவசரமில்லாத மனிதரை எனக்கு நம்பத் தெரியாது. இவர்களெல்லாம் எதிலிருந்து தப்பி வந்து கிடக்கிறார்களோ என்று மகளிடம் கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் படுத்திருந்தாள்.

அப்போதுதான் கடலுக்குள்ளிருந்து ஒரு பெண் எழும்பி வந்தார். கறுப்பு நீச்சலுடை, நனைந்த நரைமுடி. மீன் பார்க்கப் போடும் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றினார்.

ஹொல்ஸ்டெப்ரோ அக்கா.

நாங்கள் புறப்படுவதற்கு முதல்நாள்தான் அவருடைய மனுசன் என் மனுசனுக்குத் தொலைபேசியில் சொன்னார்: மனைவி டென்மார்க்கிலேயே வைலே என்ற ஊரில் கூர்சுஸ் ஒன்றுக்குப் போகிறா, வேலையிடத்துப் பயிற்சி, ஒரு கிழமைக்கு வீட்டில் சமையல் தன் கையால்தானாம். வைலேக்குப் போன மனுசி செங்கடலுக்குள்ளிருந்து எழும்பினால் நான் என்ன நினைக்க? மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாப்பாட்டு விலைப்பலகைக்குப் பின்னால் ஒளிந்தேன். அவரைப் பிடித்த சந்தோசம் ஒரு பக்கம். நாங்கள் லண்டனில் நிற்க வேண்டியவர்கள் என்ற ஞாபகம் மறுபக்கம்.

அடுத்த இரண்டு நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைப் பார்த்தேன். பின்வீதியில் ஒரு சின்ன அறை. காலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். பிறகு கடல். பிறகு கம்பளத்தில் சாய்ந்திருப்பது. தேத்தண்ணிக் கடையில் தாடிக்காரன் ஒருவன், ஐம்பது மதிக்கலாம், கோப்பையைக் கொண்டுவந்து வைக்கும்போது ஏதோ சொல்லுவான், அக்கா வாய்விட்டுச் சிரிப்பார். ஹொல்ஸ்டெப்ரோவில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. சரி, ஆள் பிடிபட்டான் என்று முடிவுகட்டினேன். இந்த வீட்டுக்கா என் பிள்ளையைக் கொடுப்பது? மகள் டெனிஷில் என்னை ஏசினாள். உளவு பார்க்கவா வந்தீர்கள், அந்த மனுசியை விடுங்கள் என்றாள். பிறகு குரல் தளர்ந்து, அப்பாவிடம் சொல்லப்போகிறீர்களா என்று கேட்டாள். நான் திரும்பவும் தேத்தண்ணிக் கடைப் பக்கம் பார்த்தேன். அவள் அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

ரொட்டி தின்று எனக்கு நாக்குச் செத்துப்போயிருந்தது. மூன்றாம் நாள், தங்கியிருந்த இடத்தின் பொதுச் சமையலறையில் மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். ஒளிந்திருக்கிறவள் செய்கிற வேலையா அது? வெங்காயம் வதங்கி, தூள் போட்டு, குழம்பு கொதித்து வந்ததும் வாசம் வீதிமுனை வரைக்கும் போயிருக்கும். அந்த நேரம் எனக்கு அது மூளையில் ஏறவில்லை. சோற்றை இறக்கிவிட்டுத் திரும்புகிறேன், கதவடியில் அக்கா நிற்கிறார்.

"இந்த வாசம் இஞ்ச வராதே எண்டு பாத்தன்" என்றார். பிறகு மெதுவாக, "நீங்கள் லண்டனெல்லோ?"

"நீங்கள் வைலேயெல்லோ?" என்றேன்.

மகள்தான் கதிரையை இழுத்துப்போட்டு, சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டாள். அக்கா கையால் குழைத்துச் சாப்பிட்டார். சாப்பிடும்போது கேட்பது முறையில்லைத்தான். ஆனால் எனக்குப் பொறுக்காது. ஆரக்கா அந்தத் தாடிக்காரன் என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பில் புரைக்கேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்து, அவனுடைய பேர்கூடத் தனக்குத் தெரியாது என்றார். முன்னம் ஒருமுறை இங்கே வந்தபோது ஆடு தன் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியதாம். அன்றிலிருந்து அவன் தேத்தண்ணி வைக்கும்போதெல்லாம் செருப்பு பத்திரம் என்பானாம்.

"அப்ப என்னத்துக்கு வாறனீங்கள்?"

"சும்மா."

"சும்மா ஆரும் இவ்வளவு தூரம் வருவினமோ?"

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "பாருங்கோ, ஒரு ஆம்பிளை இருக்கெண்டு சொல்லியிருந்தால் உடன நம்பியிருப்பியள். ஒண்டும் இல்லையெண்டால்தான் ஒருத்தரும் நம்பாயினம். அதாலதான் கூர்சுஸ்."

பிறகு அவர் கதைத்தது எல்லாம் தணிந்த குரலில். முதுகு நோவுக்கு டாக்குத்தர் நீந்தச் சொன்னாராம். ஹொல்ஸ்டெப்ரோ நீச்சல் தடாகத்தில் பழகினாராம். ஒருமுறை மனுசனிடம், ஒரு கிழமை தனியப் போய் எங்கேயாவது இருந்துவிட்டு வரட்டா என்று கேட்டாராம். ஏன், வீட்டில் உமக்கு என்ன குறை என்று கேட்டாராம் அவர். அடுத்த நாளும் கேட்டாராம். ஒரு மாதம் வரைக்கும் அதையே கேட்டாராம். அடிக்கிற மனிதர் இல்லை, ஏசுகிற மனிதர் இல்லை, கேட்டுக்கொண்டே இருக்கிற மனிதர். கடைசியில் தான் பகிடிக்குச் சொன்னது என்று முடித்துவிட்டு, அடுத்த வருடம் முதல் வைலேக்குப் போகத் தொடங்கினாராம்.

"நீங்கள் சொன்னியளெண்டால் பிள்ளையளின்ர காரியம் குழம்பும், அது என்னாலதான் எண்டும் வரும்" என்றார். "சொல்ல வேண்டாமெண்டு நான் கேக்கேல்லை. சொல்லுறதெண்டால் இப்பவே எனக்குச் சொல்லிப்போடுங்கோ. எனக்கு இன்னும் ரெண்டு நாள் கிடக்கு, நிம்மதியா நீந்தவேணும்."

நான் குழம்புச் சட்டியைக் கழுவ எடுத்தேன். உண்மையாகவே எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அந்த இரண்டு நாளும் பார்த்தேன். நீந்தினார். படுத்தார். எழும்பி, கடலுக்கு அப்பால் சவூதி மலைகள் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசி பையை விட்டு வெளியே வரவில்லை. எவரும் வரவில்லை, எங்கும் போகவில்லை. சந்தேகப்பட ஒன்றும் கிடைக்காமல் போனதும் எனக்கு வந்தது பொறாமைதான். கலப்பில்லாத பொறாமை. என் தொலைபேசியில் மனுசன் சீனி எந்த டப்பாவில் என்று கேட்டு எழுதியிருந்தார்.

ஹேர்னிங்குக்குத் திரும்பிய பிறகும் நான் வாய் திறக்கவில்லை. வேலைக்காக வேறு ஊரில் இருக்கும் மகள் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் என் குரலை வைத்து, சொன்னேனா இல்லையா என்று அளந்துகொண்டிருந்தாள். தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைக்க ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போனோம். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருந்தோம். அக்கா பாயாசம் ஊற்றிக்கொண்டு வந்தார்.

தகப்பன் சிரித்துக்கொண்டேதான் தொடங்கினார். வைலேயில் ஒரு கிழமை நின்றுவிட்டு வந்த மனுசி வெயிலில் காய்ந்து கறுத்துப்போய் வந்திருக்கிறா, அங்கே அப்படி வெயிலோ தெரியாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்கட வேலையிலயும் இப்பிடி வைலேயில கூர்சுஸ் வைக்கிறவையோ?"

அக்காவின் கையில் கரண்டி நின்றுவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள். இந்தப் பாவி மனுசன் இன்னமும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. நான் சந்தேகப்பட வேண்டிய ஆளை விட்டுவிட்டு, பாலைவனம் கடந்துபோய் அவருடைய மனுசியைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

"ஓம், வைக்கிறவை" என்றேன். "வெளியிலதான் கனக்கப் பயிற்சி. நானும் வாற வருசம் போறன்." என் மனுசன் கோப்பையிலிருந்து தலை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும்.

பொடியன் பாயாசத்தைக் குடித்துக்கொண்டே டெனிஷில் சிரித்தான். அம்மா வேறு எங்கே போகப்போகிறா என்றான்.

மகள் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் அவனோடு டெனிஷில்தான் கதைக்கிறவள். அன்று எல்லோருக்கும் கேட்கத் தமிழில் சொன்னாள். "கலியாணத்துக்குப் பிறகு வருசத்தில ஒரு கிழமை நான் தனியப் போவன். கூர்சுஸுக்கு இல்லை, சும்மா. ஏனெண்டு நீ கேக்கக்கூடாது. இப்பவே ஓமெண்டு சொல்லு, இல்லாட்டி நாள் வைக்க வேண்டாம்."

அவன் பகிடி என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தான். பகிடி இல்லை. நான் கெடுக்காமல் காத்துக்கொண்டு வந்த சம்பந்தத்தை இவளே தூக்கிப் போடப்போகிறாளோ என்று பயந்தேன். அவன் பாயாசக் கோப்பையைத் தள்ளிவைத்தான். பிறகு ஓம் என்றான். சொல்லிவிட்டு, கரண்டியோடு நின்ற தாயைத் திரும்பிப் பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று தெரியாது. அந்தக் கறுத்த முகத்தில் அவன் என்ன கண்டானோ, அதுவும் தெரியாது.

"அம்மா, உங்களுக்கும் அப்பிடிப் போக விருப்பமோ?"

"அவவுக்கென்ன," என்றார் தகப்பன், "அவவுக்கு வைலே இருக்குத்தானே."

"அப்பா, நான் அம்மாவைக் கேட்டனான்."

அக்கா பாயாசச் சட்டியை மேசையில் வைத்தார்.

"ஓம். விருப்பம்" என்றார்.

அந்த வீட்டில் நான் நம்பிய முதல் சொல் அது.