துவாதசிக் காலையில் ஊதிய மூச்சு

என் தம்பி மிருதங்கம் வாசிப்பவன். கச்சேரி வாய்ப்புகள் வரத் தொடங்கிய வயதில் அவனுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. வாசித்து வாசித்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்ததால், சர்க்கரை பார்க்க ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவே ஊசியை ஆழமாக இறக்க வேண்டும். குத்திய விரலால் வாசித்தால் வலியில் உயிர் போகும். தினமும் குத்துவது நான்தான். "மிருதங்கத்தை விட்டுடேன்டா, பேங்க் பரீட்சை எழுதேன்" என்று அம்மா ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுவதென்றால் ஊசியை விடட்டும், மிருதங்கத்தை எதற்கு விட வேண்டும்?

நான் அப்போது அடையாறில் ஒரு கல்லூரியில் மின்னணுவியல் ஆராய்ச்சி மாணவி. சர்க்கரை கட்டுமீறிப் போனால் மூச்சில் அசிட்டோன் கலந்து வரும் என்று படித்திருந்தேன். நகப்பூச்சை அழிக்கிற திரவத்தின் வாடை அது. அதை மோப்பம் பிடிக்க, மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு சென்சார் வாங்கினேன்.

"இன்னாம்மா, வூட்ல காஸ் லீக்காவுதா?" என்றார் கடைக்காரர்.

"இல்லைங்க, தம்பி ஊதறதுக்கு."

"அடப்பாவமே, தண்ணி போடுவாரா?" என்று பரிதாபப்பட்டார்.

அந்த சென்சாரையும் ஒரு முள் மீட்டரையும் பொருத்தி ஒரு பெட்டி செய்தேன். மயிலாப்பூர் வீட்டில் தம்பி தினமும் அதற்குள் ஊதினான். சர்க்கரை ஏறிய நாட்களில் முள்ளும் ஏறியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வியாதி இல்லாத ஒருவர் ஊதி முள் அசையாமல் இருந்தால் போதும், ஊசிக்கு விடைகொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஏகாதசிக்கு வெறும் தண்ணீரோடு இருந்துவிட்டு, மறுநாள் துவாதசிக் காலையில், சாப்பிடுவதற்கு முன் நானே ஊதினேன்.

முள் தம்பியின் அளவையெல்லாம் தாண்டிப் போய் நின்றது.

"ஐயோ, உனக்குமாடி!" என்று அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தம்பி என் கையைப் பிடித்து விரலில் ஊசியை இறக்கினான். அம்மாடி! இத்தனை நாள் அவனுக்குக் குத்தியிருக்கிறேன், ஒரு தடவைகூட நான் குத்திக்கொண்டதில்லை. காய்க்காத விரலுக்கே இந்த வலி.

என் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. பட்டினி கிடந்தாலும் மூச்சில் அதே அசிட்டோன் வரும் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. விரதமிருந்தவளையும் வியாதிக்காரனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆத்திரமும் அழுகையுமாக அதைத் தூக்கி எறியப் போனேன்.

"அக்கா, அதைக் கீழ வை. மொதல்ல சாப்பிடு. சாப்ட்டவா மூச்சு, பட்டினி கெடந்தவா மூச்சு எல்லாத்தையும் அளந்து பாரு. அது சரியா வர வரைக்கும் நான் குத்திண்டே வாசிக்கறேன்" என்றான் தம்பி.

அன்றைக்கு அவனுக்கு இன்னும் குத்தியிருக்கவில்லை. விரலை நீட்டினான். முதல் தடவையாக, குத்துவதற்கு முன் அதன் காய்ப்பைத் தடவிப் பார்த்தேன்.

"ஒரே குத்தா குத்திடுக்கா. மத்த விரலெல்லாம் சாயந்தரக் கச்சேரிக்கு வேணும்."