முதலில் வந்த சீட்டு

புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரின் வாடையும் ஆட்டுக்கறி கொதிக்கும் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன். கடல் தாண்டி வந்து நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் ஞானமுத்துக் கங்காணி கல்வீடு கட்டிக் குடிபுகுந்த நாளில் அந்த இரண்டும் தெருக்கோடி வரை வீசின.

அது வெள்ளைக்காரர் ஆண்ட காலம். ரோடு போடக் கல் கொடுக்கும் ஒப்பந்தம் கங்காணியிடம் இருந்தது. புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் இருந்த கல்குழியில், மழை பெய்து மண் இளகிய ஒரு காலையில், இறங்க மறுத்த ஏசடியான் என்பவரை அவர் 'ரோத்தான்' பிரம்பால் அடித்தே உள்ளே இறக்கினார். மதியத்துக்குள் ஏசடியான்மேல் கரை சரிந்தது. வண்டிகளில் கல் ஏற்றி முடித்த பிறகுதான் ஆளைத் தோண்டி எடுத்தார்கள். அந்த வண்டிகள் இந்த வீட்டின் அஸ்திவாரத்துக்குத்தான் வந்தன என்பது எங்கள் கிறிஸ்தவ சபையில் எல்லாருக்கும் தெரியும்.

என் அப்பா அந்தச் சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியார். நாங்கள் இருந்த பலகை வீடு கங்காணியுடையது. புதுவீட்டு ஜெபத்தில் 'வசனச் சீட்டு' எடுப்பது எங்கள் வழக்கம்: வேதவசனங்களைத் துண்டுத் தாள்களில் எழுதிச் சுருட்டி டப்பாவில் போட, வீட்டுக்காரர் ஒன்றை எடுப்பார், வருவது ஆண்டவரே அந்த வீட்டுக்குச் சொன்னது என்று வாசல் நிலைக்கு மேல் வர்ணத்தில் எழுதிவிடுவார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதும் வேலை என்னிடம் வந்தது. "வீடு, சுவர், கல்லுன்னு வர்ற வசனமா பாத்து எழுதுய்யா" என்றார் அப்பா. எனக்கு ஒன்பது வயது. ஆசீர்வாதம் எது, எச்சரிப்பு எது என்று பார்க்காமல், வீடும் சுவரும் வந்த இடத்தையெல்லாம் எழுதிச் சுருட்டினேன். அப்பா ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை.

கங்காணிக்கு எழுத்து தெரியாது. அவர் எடுத்த சுருளை வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் வாய் திறக்கவே கூசுகிற நான், தலையைத் தூக்காமல் ஒரே மூச்சில் வாசித்தேன். இரத்தம் சிந்தி ஊரைக் கட்டுகிறவனுக்கும் அநியாயத்தின்மேல் நகரத்தை நிறுத்துகிறவனுக்கும் ஐயோ என்றும், சுவரில் இருக்கும் கல்லே கூப்பிடும், உத்திரம் அதற்குப் பதில் சொல்லும் என்றும் அதில் இருந்தது.

கங்காணி அப்பாவைப் பார்த்தார்.

"என்னா உபதேசியாரே, வீடு குடுத்து குந்த வச்சதுக்கு இதானா மரியாத?"

"பையன் தெரியாம எழுதிட்டான்யா. இது சீட்டுல சேராது. வேற எடுங்க."

இரண்டாவது சுருளை அப்பாவே பிரித்தார். அது அநீதியாய் மேல்மாடி கட்டுகிறவனைப் பற்றியது. அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்றாவதில்தான் கர்த்தர் வீட்டைக் கட்டுகிற வசனம் வந்தது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். "மூணாவதுல ஆண்டவர் வழிக்கு வந்துட்டாரு" என்று சபை மூப்பர் ஒருவர் சொல்ல, சிரித்தபடியே சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனார்கள். ஏசடியானைப் புதைத்தபோது குழிக்கரையில் நின்று அழுதவர்களும் இவர்கள்தான்.

ஏசடியானின் மனைவி அன்னம்மா அன்று கிணற்றடியில் அண்டா தேய்க்க வந்திருந்தார். என்னைச் சாடையாக அருகில் கூப்பிட்டார்.

"தம்பி, மொதல்ல ஒன்னு படிச்சியே, அது வேதத்துல இருக்கறதா, நீயா எழுதுனதா?"

அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா எழுதுனதுதான், அக்கா."

"சரிய்யா" என்று அவர் மறுபடி சாம்பலைத் தொட்டார். நான் உள்ளே போய், போட்ட கறியை மிச்சம் வைக்காமல் தின்றேன்.

அந்த வீடு இப்போது இல்லை. நிலையும் அதன் மேல் எழுதிய வசனமும் போய்விட்டன. கல்லைப் பெயர்த்து எங்கோ சாக்கடை கட்டக் கொண்டுபோனார்களாம். அப்பாவும் கங்காணியும் மண்ணுக்குள் போனார்கள். அன்னம்மா எந்தத் தோட்டத்து வேலைக்குப் போனார் என்று சொல்ல ஆளில்லை. நாலாம் வகுப்போடு நின்ற என் படிப்புக்கு இவ்வளவுதான் எழுத வரும்.

அது நான் எழுதியதில்லை, அக்கா. வேதத்தில் இருக்கிறது.