நானே போட்ட மாதக்கணக்கு

கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்ததால் எனக்கு மாதவிலக்கு திரும்பவே இல்லை. மறுபடி கர்ப்பம் என்று தெரிந்தபோது, ஒரு மாதம்தான் இருக்கும் என்று நானே முடிவு பண்ணினேன். டாக்டரிடம் போனால் திட்டுவார். அதனால் கணவரை மெடிக்கலுக்கு அனுப்பிக் கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்கினேன்.

மறுநாள் ஒரு மணி நேரத்தில் மூன்று நாப்கின் நனைந்தது. கண் இருட்டியது. மைசூர் டிராஃபிக்கில் ஆட்டோ நகரவே இல்லை. பிள்ளைக்கு யார் பால் கொடுப்பார்கள் என்றே யோசித்தேன்.

ஆஸ்பத்திரியில், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்று பொய் சொன்னேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா மெதுவாக, "நிஜ ஹேளம்மா, உண்மையைச் சொல்லு, மாத்திரை போட்டியா? இது மூணு மாசம் தாண்டின கர்ப்பம்" என்றார். தலையாட்டினேன். ரத்தம் ஏற்றி, மிச்சத்தைச் சுத்தம் செய்து காப்பாற்றினார்கள்.

எந்தத் திட்டுக்குப் பயந்து உயிரையே பணயம் வைத்தேனோ, அதில் ஒரு வார்த்தைகூட அந்த அம்மா வாயிலிருந்து வரவில்லை.